இரண்டு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை

கடிதம் எழுதியவருக்கு வயது 46. தணிக்கை நிறுவனம் ஒன்றில் பொறுப்பான பதவியில் இருக்கிறார். கணவர், இரண்டு பிள்ளைகள். பள்ளி நாட்களில் பாடப்புத்தகத்துக்குள் கதைப்புத்தகத்தை ஒளித்துப் படித்தவர். கல்லூரிக் காலத்தில் ஒரே இரவில் ஒரு நாவலை முடித்துவிட்டு விடியும்போது தூங்கப் போனவர். இப்போது ஆறு ஆண்டுகளாக ஒரு நாவலைக்கூட விருப்பத்தோடு படித்து முடிக்கவில்லை என்கிறார். வாங்குவது மட்டும் நிற்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் வாங்கிய 38 புத்தகங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றில் இரண்டை மட்டும் "கசப்பு மருந்தைக் குடிப்பதுபோல" முடித்தாராம்.

சென்ற புத்தாண்டில், ஓராண்டுக்கு 50 புத்தகங்கள் என்று உறுதி எடுத்து ஒரு நோட்டில் வரிசை எண் போட்டு வைத்தார். இரண்டு எண்களுக்கு எதிரே தலைப்பு எழுதியதோடு அந்த நோட்டு மூடப்பட்டது. இரவு பத்தரை மணிக்கு மேல் படுக்கையில் புத்தகத்தை எடுக்கிறார். ஒரே பத்தியை மூன்று முறை படிக்கிறார். இரண்டாவது பக்கத்தில் கண் சொருகுகிறது. புத்தகத்தை வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தால் தூக்கம் கலைந்து ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது. துப்பறியும் கதை என்றால் ஒருவேளை ஓடலாம் என்று தோன்றுகிறது, ஆனால் "இந்த வயதில் அதையா படிப்பது" என்று கூச்சம். பாட்டு கேட்பதிலும் செடி வளர்ப்பதிலும் ஆசை குறையவில்லை. மாலையில் வேலை முடிந்து வந்தபின், பிள்ளைகள் வகுப்பிலிருந்து திரும்பும்வரை வீடு முக்கால் மணி நேரம் அமைதியாக இருக்குமாம். அந்த நேரத்தில் மடிக்கணினியைத் திறந்து மிச்ச வேலையைப் பார்ப்பதாக எழுதியிருக்கிறார்.

அண்மையில் 14 வயது மகள், "நீங்கள் நிறையப் படிப்பீர்கள் என்று பாட்டி சொன்னாரே, உண்மையா அம்மா?" என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்விதான் இவரைக் கடிதம் எழுத வைத்திருக்கிறது. கைபேசி என் மூளையைக் கெடுத்துவிட்டதா, எனக்குக் கவனக் குறைபாடா, வேக வாசிப்புப் பயிற்சியில் சேரலாமா, கைபேசியைத் தூக்கிப் போட்டுவிட்டு மின்நூல் படிக்கும் கருவியான கிண்டில் வாங்கலாமா, அல்லது இனி நான் வாசகியே இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட வேண்டியதுதானா என்று கேட்கிறார். கையெழுத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். எழுதியவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான்கு பக்கம், கையால் எழுதியது, ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல், சொல்ல வந்ததைக் கோவையாகச் சொல்லியிருக்கிறீர்கள். கவனத்தைத் தொலைத்துவிட்டதாக அஞ்சுகிறவர் எழுதிய கடிதம் இது என்று யாரும் நம்ப மாட்டார்கள். அதுமட்டும் அல்ல. நீங்கள் படிப்பதே இல்லை என்கிறீர்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் அலுவலகத்தில் ஏழு எட்டு மணி நேரம் படித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். படிக்கும் திறன் உங்களிடம் அப்படியே இருக்கிறது. அது எந்த வகைப் படிப்பாக மாறிவிட்டது என்பதை முதலில் பார்ப்போம்.

தணிக்கை என்பது சந்தேகத்தோடு படிப்பது. எந்த வரியையும் அப்படியே ஏற்கக் கூடாது; இந்த எண் அந்த எண்ணோடு பொருந்துகிறதா, எழுதியவர் எதையாவது மறைக்கிறாரா என்று தேடியபடியே கண் போக வேண்டும். இருபது ஆண்டுகளாக அந்தக் கண்ணைத்தான் நீங்கள் தீட்டி வந்திருக்கிறீர்கள். உங்களுக்குச் சோறு போடுவது அதுதான். நாவல் கேட்பது இதற்கு நேர்மாறானது. முதல் பத்துப் பக்கத்துக்கு யார் யார் என்று தெரியாது, எதற்காக இதைச் சொல்கிறார்கள் என்று புரியாது. புரியாமலே எழுதியவரை நம்பிக் கூடப் போக வேண்டும். நீங்கள் ஒரே பத்தியை மூன்று முறை படிப்பதாக எழுதியதைப் பார்த்ததும் எனக்கு இதுதான் தோன்றியது. அலுவலகத்தில் அப்படிப் படிப்பதற்குத்தான் உங்களைப் பாராட்டுகிறார்கள். அதே பழக்கத்தைக் கதைக்குள் கொண்டுபோனால் கதை நகராது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு வேலையை முடிக்காமல் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும்போது, முதல் வேலையின் மிச்சம் மனத்தில் தங்கி அடுத்ததைக் கெடுக்கிறது என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். நீங்கள் மாலையில் மடிக்கணினியில் மிச்ச வேலையைப் பார்த்துவிட்டு, அதுவும் முடியாமல், அதன் பிறகு வீட்டு வேலைகளையும் பார்த்துவிட்டு இரவு பத்தரைக்குப் புத்தகத்தைத் திறக்கிறீர்கள். அந்த நேரத்தில் பக்கத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் இன்னும் அலுவலகத்தில்தான் இருக்கிறார்.

முதலில் கண்ணைக் காட்டுங்கள்

மனத்தைப் பற்றி மேலும் பேசுவதற்கு முன்பு உங்கள் கண்ணைப் பற்றிக் கேட்க வேண்டும். கடிதம் முழுக்க மூளை, மனம், ஒழுக்கம் என்று உங்களையே குற்றம் சாட்டுகிறீர்கள். கண் என்ற சொல் "கண் சொருகுகிறது" என்ற இடத்தில் மட்டும்தான் வருகிறது. கடைசியாக எப்போது கண் பரிசோதனை செய்துகொண்டீர்கள் என்று எழுதவில்லை.

வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிக்கொண்டே வருகிறது, நாற்பதைத் தாண்டியதும் அது தெரியத் தொடங்குகிறது. அருகில் இருப்பதைப் பார்க்க அது வளைந்து கொடுக்க வேண்டும், இறுகிவிட்டால் வளையாது. இதைத்தான் நம் முன்னோர் வெள்ளெழுத்து என்றார்கள். கறுப்பு எழுத்து வெளுத்துத் தெரிகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இது திடீரென்று வருவதில்லை. அதனால்தான் பலர் இதைப் பார்வைக் குறை என்றே உணர்வதில்லை. புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பார்கள். மங்கிய விளக்கில் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சிறிது நேரத்தில் நெற்றி கனக்கும், கண் களைத்து மூடிக்கொள்ளும். படிப்பு அலுப்பாக இருக்கிறது என்று நினைத்துப் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

இப்போது கைபேசியை நினைத்துப் பாருங்கள். அதில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அதற்குள்ளேயே வெளிச்சம் இருக்கிறது. வரிகளும் குட்டையானவை. அலுவலகத் திரையும் அப்படித்தான். படுக்கையறை விளக்கில், பொடி எழுத்தில், முதுகு பிரியாத கெட்டிப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு படிக்கும்போது மட்டும் உங்களால் முடியவில்லை. கைபேசி உங்கள் மனத்தைப் பறித்துக்கொண்டது என்று நீங்கள் முடிவு கட்டியதில் ஒரு பங்கு எழுத்தின் அளவைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும். என்னிடம் இதே குறையோடு வந்த சிலருக்குப் படிக்கும் கண்ணாடி ஒன்றே பாதிச் சிக்கலைத் தீர்த்திருக்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் என்று நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் உடம்பில் இருக்கக்கூடிய ஒரு காரணத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டு மனத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமல்ல.

மூளை கெட்டுவிட்டதா, இது நோயா?

கெட்டுப்போகவில்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பேச்சைப்போல வாசிப்பு பிறவியிலேயே வருவதல்ல. மனிதர்கள் எழுதத் தொடங்கி ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. வாசிப்பதற்கென்று மூளையில் தனிப் பகுதி உருவாக அந்தக் காலம் போதாது. பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காண்பதற்கு இருந்த பகுதிகளையும் பேச்சுக்கு இருந்த பகுதிகளையும் இணைத்து ஒவ்வொரு குழந்தையும் தனக்கென ஒரு பாதையைப் போட்டுக்கொள்கிறது. பழக்கத்தால் உண்டானது பழக்கத்தால் மாறும். மாறியது திரும்பவும் மாறும்.

இதற்கு மேரியன் உல்ஃப் என்ற அமெரிக்க ஆய்வாளரின் அனுபவத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. வாசிக்கும் மூளையைப் பற்றி ஆராய்வதே அவருடைய வாழ்நாள் பணி. அவர் இளமையில் மிகவும் விரும்பிப் படித்த ஹெர்மன் ஹெஸ்ஸேயின் நாவல் ஒன்றை மீண்டும் எடுத்தபோது அவரால் படிக்கவே முடியவில்லை. வாக்கியங்கள் நீளமாகவும் கதை நகராததாகவும் தோன்றின. திரையில் மேலோட்டமாக மேய்ந்து பழகிய வேகத்திலேயே அதையும் படிக்கிறோம் என்று கண்டுகொண்டார். ஒரு நாளைக்கு 20 நிமிடம் மட்டும் என்று வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அமர்ந்தார். இரண்டு வாரத்தில் பழைய நிதானம் திரும்பியது என்று 2018இல் வெளியான நூலில் எழுதியிருக்கிறார். உங்களுக்கும் இரண்டே வாரம்தான் ஆகும் என்று நான் வாக்குத் தரவில்லை. வாசிப்பை இவ்வளவு அறிந்த ஒருவருக்கே இது நடந்தது, நடந்தது சரியாகவும் ஆனது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கவனக் குறைபாடு, அதாவது ஏடிஹெச்டி, என்று சந்தேகப்படுகிறீர்கள். பெரியவர்களுக்கு அதைக் கண்டறியும்போது, 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்தனவா என்று பார்ப்பது முறை. வீட்டிலும் வேலையிலும் என்று வாழ்க்கையின் பல இடங்களில் அது இடைஞ்சல் தந்திருக்க வேண்டும். நீங்கள் சொன்னதில் அப்படி எதுவும் தெரியவில்லை. பிடித்த ஒன்றில் மணிக்கணக்காக ஆழ்ந்துபோகிறவர்களுக்கும் அந்தக் குறைபாடு இருப்பதுண்டு என்பதால் ஒரு கடிதத்தை வைத்து அறவே இல்லை என்று சொல்வது தவறு. ஐயம் விடவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சமூக ஊடகங்களில் பரவும் பத்துக் கேள்வித் தேர்வுகளை நம்பி முடிவுக்கு வர வேண்டாம். நாற்பதுகளின் நடுவில் இருக்கும் பெண்களுக்கு, மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில், தூக்கமும் ஒருமுனைப்பும் குலைவது பரவலாக நடக்கிறது. இதை மகப்பேறு மருத்துவரிடம் தயங்காமல் சொல்லலாம். இன்னொன்று: வாசிப்பில் மட்டுமன்றிப் பாட்டு, செடி, பிள்ளைகளோடு பேசுவது என்று எல்லாவற்றிலும் இன்பம் வற்றிப்போய், அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை வேண்டும். உங்களுக்குப் பாட்டும் செடியும் இன்னும் இனிக்கின்றன என்று எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஐம்பது என்ற எண்

உங்கள் புத்தாண்டு உறுதியைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சராசரியாக ஒரு புத்தகத்துக்கு 250 பக்கம் என்று வைத்தால் 50 புத்தகங்களுக்கு 12,500 பக்கம். ஒரு நாள்கூடத் தவறாமல் நாளுக்கு 34 பக்கம் படிக்க வேண்டும். ஆறு ஆண்டுகளாக இரண்டு பக்கத்தைத் தாண்டாத ஒருவர் மேல் இந்தச் சுமையை ஏற்றியவர் வேறு யாராவது என்றால் நீங்களே அவர்மேல் கோபப்பட்டிருப்பீர்கள். எண் பெரியது என்பதுகூட இரண்டாவது குறைதான். விளையாட்டாகச் செய்வதை எண்ணிக்கைக்காகச் செய்யத் தொடங்கினால் விளையாட்டு போய்விடும். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் மழலைப் பள்ளிக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகள். சிலரிடம் மட்டும், வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்ததும் பரிசையும் கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்து, பரிசு எதுவும் இல்லாத சாதாரண நேரத்தில், அந்தக் குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதியளவே வரைந்தார்கள். உங்கள் நோட்டில் எண்ணுக்கு எதிரே தலைப்பை எழுதும் நிமிடம்தான் பரிசு என்றால், 249 பக்கமும் அந்த நிமிடத்துக்காகக் காத்திருக்கும் நேரமாகிவிடும். மருந்து குடிப்பதுபோல என்று நீங்களே சரியான உவமையைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

அந்த நோட்டைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. எண்களை விட்டுவிட்டு, உங்களுக்குப் பிடித்த ஒரு வாக்கியத்தை எப்போதாவது எழுதி வைக்க அதைப் பயன்படுத்துங்கள். எழுதத் தோன்றாவிட்டால் அதுவும் சரி.

இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எங்கோ படித்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். அது ஒரு பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960இல் வெளியான தன் நூலில், மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதியது, கைமாறிக் கைமாறி விதியாகிப்போனது. லண்டனில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்துப் பார்த்தபோது ஒரு புதிய பழக்கம் தானாக வரும் நிலையை அடையச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய இழப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. பிப்ரவரியில் சில நாட்கள் தவறியதும் நீங்கள் நோட்டையே மூடியது தேவையில்லாத தண்டனை.

வேக வாசிப்புப் பயிற்சி, கிண்டில், கைபேசி

வேகப் பயிற்சியில் பணம் கட்டாதீர்கள். கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. நின்று, தாவி, மறுபடி நின்று போகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறக்குறைய கால் நொடி. அந்த நிறுத்தங்களைக் குறைத்தால் புரிவதும் குறையும். கண்ணசைவை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த கீத் ரேனரும் சகாக்களும் 2016இல் வெளியான விரிவான கட்டுரையில், புரிதலை இழக்காமல் வேகத்தைப் பன்மடங்கு கூட்டும் குறுக்கு வழி இல்லை என்றே முடித்தார்கள். இன்பத்துக்காகப் படிப்பவருக்கு வேகம் எதற்கு என்பதே என் கேள்வி. தென்னாப்பிரிக்க உளவியலாளர் விக்டர் நெல் 1988இல் எழுதிய நூலில் ஓர் அழகான செய்தி இருக்கிறது: கதை வாசிப்பில் மூழ்குகிறவர்கள் தங்களுக்கு மிகப் பிடித்த பக்கங்களை மற்றப் பக்கங்களைவிட மெதுவாகவே படித்தார்கள். கல்லூரிக் காலத்தில் நாவலின் முடிவு நெருங்கும்போது தீர்ந்துவிடுமே என்று நீங்களும் வேண்டுமென்றே மெதுவாகப் படித்திருப்பீர்கள்.

கிண்டில் வாங்குவதில் தவறில்லை. தாளில் படித்தால்தான் படிப்பு என்று உங்கள் கடிதத்தில் ஒரு குற்றவுணர்வு தெரிகிறது. 2018இல் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், தகவல் நூல்களைத் தாளில் படிப்பவர்களுக்குப் புரிதல் சற்று மேலாக இருப்பதையும், கதைகளில் அந்த வேறுபாடு இல்லை என்பதையும் கண்டார்கள். எழுத்தைப் பெரிதாக்கலாம் என்பது உங்களுக்கு உண்மையான நன்மை. ஆனால் அந்த 38 புத்தகங்களிலிருந்து தப்பிக்கும் வழியாக அதை வாங்கினால், உள்ளே இன்னொரு 38 சேரும்.

கைபேசியைத் தூக்கிப் போட வேண்டாம். வேலைக்கும் பிள்ளைகளுக்கும் அது வேண்டும். இரண்டு நாளில் திரும்ப எடுப்பீர்கள், எடுத்த பிறகு உங்கள்மேல் உங்களுக்கே வெறுப்பு வரும். படிக்கும் 20 நிமிடத்துக்கு மட்டும் அதை வேறோர் அறையில் வையுங்கள். மேசைமேல் கவிழ்த்து வைப்பது போதாது. திரை முன்னால் இருப்பவர்கள் ஒன்றில் எவ்வளவு நேரம் நிலைக்கிறார்கள் என்று குளோரியா மார்க் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாக அளந்து வருகிறார். 2004இல் சராசரியாக இரண்டரை நிமிடம் இருந்தது, பிந்தைய அளவீடுகளில் 47 நொடியாகச் சுருங்கியிருக்கிறது. ஒலி வராமலே நாமாகத் தாவுவதும் இதில் நிறைய உண்டு. எட்டாத இடத்தில் இருந்தால் அந்தத் தாவல் ஒரு முடிவாக மாறும்; எழுந்து போக வேண்டுமா என்று யோசிக்க நேரம் கிடைக்கும்.

வாசகரின் உரிமைகள்

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். பிரெஞ்சு ஆசிரியரும் எழுத்தாளருமான டேனியல் பென்னக் 1992இல் வாசகரின் பத்து உரிமைகள் என்று ஒரு பட்டியல் தந்தார். அதில் முதல் உரிமையே வாசிக்காமல் இருக்கும் உரிமை. பக்கங்களைத் தாண்டலாம், முடிக்காமல் விடலாம், படித்ததையே மறுபடி படிக்கலாம், எதை வேண்டுமானாலும் படிக்கலாம், உரக்கப் படிக்கலாம் என்று அது போகிறது. உங்களுக்கு இவற்றில் மூன்று அவசரமாகத் தேவைப்படுகின்றன.

முடிக்காமல் விடுவது முதலாவது. 38 புத்தகங்களும் உங்களுக்குக் கடன்காரர்களாகிவிட்டன. தூங்கும் இடத்தில் கடன்காரர்களை நிறுத்தி வைத்தால் யாருக்குத்தான் புத்தகம் பிடிக்கும்? அவற்றை வேறோர் அறையின் அலமாரிக்கு மாற்றுங்கள். கட்டிலருகே ஒன்றுகூட வேண்டாம். வாங்கிக் குவித்துப் படிக்காமல் வைப்பதற்கென்றே ஜப்பானியர்கள் த்சுண்டோக்கு என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. ஒரு புத்தகத்தை எடுத்து முப்பது பக்கம் படித்தும் அடுத்த பக்கத்துக்கு மனம் போகவில்லை என்றால் மூடிவிடுங்கள், காரணம் தேட வேண்டாம்.

இரண்டாவது, துப்பறியும் கதை. அதைப் பற்றிய உங்கள் கூச்சம்தான் கடிதத்திலேயே என்னை மிகவும் வருத்தியது. ஓடக்கூடிய ஒரே வாகனத்தை வாசலில் நிறுத்திவிட்டு நடக்க முடியவில்லை என்று அழுகிறீர்கள். அடுத்து என்ன என்ற ஆவல்தான் பத்து வயதில் உங்களை வாசகியாக்கியது. அதை மறுபடி தூண்டுவதற்கு முடிச்சுள்ள கதையைவிட நல்ல வழி இல்லை. தணிக்கைக் கண்ணுக்கும் அது பொருத்தமான தீனி: பொய் சொல்பவரைத் தேடலாம், பொருந்தாத கணக்கைப் பிடிக்கலாம். அங்கிருந்து மற்றக் கதைகளுக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம்.

மூன்றாவது, மறுவாசிப்பு. நல்லவர்களின் நட்பு பழகப் பழக இனிப்பதற்கு வள்ளுவர் 783ஆம் குறளில் உவமை சொல்வது படிக்கப் படிக்க நயம் கூடும் நூலைத்தான். பதினேழு வயதில் நீங்கள் விரும்பிய கதை ஒன்றை எடுங்கள். ஆள்கள் தெரிந்தவர்கள், பாதை தெரிந்த பாதை. சந்தேகப்பட ஒன்றும் இல்லை. ஓர் ஆபத்து உண்டு. அன்று பிடித்தது இன்று வெறுமையாகத் தோன்றலாம். அப்படியானால் உங்கள் ரசனை வளர்ந்திருக்கிறது. வருந்தாமல் வேறொன்றை எடுங்கள்.

எப்போது, எங்கே

படுக்கையில் வேண்டாம். இரவு பத்தரைக்குக் கண் சொருகுவது உடம்பின் இயற்கை, தூங்கவிடுங்கள். மாலையில் வீடு அமைதியாக இருக்கும் அந்த முக்கால் மணியில் 20 நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும், மடிக்கணினியைத் திறப்பதற்கு முன்பு, ஒரே நாற்காலியில், நல்ல வெளிச்சத்தில். மனம் தாளில் இறங்க முதல் ஐந்து நிமிடம் போராடும். அந்த ஐந்து நிமிடத்தை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். நேரம் முடியும்போது கதை விறுவிறுப்பான இடத்தில் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்த நாள் நாற்காலிக்கு உங்களை அது இழுக்கும்.

இதில் இழப்பும் இருக்கிறது. மிச்ச அலுவலக வேலை 20 நிமிடம் தள்ளிப்போகும், சில நாட்களில் அது உறுத்தும். கணவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "எத்தனை பக்கம் ஆயிற்று" என்று மட்டும் கேட்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மகளுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்பதற்காகப் படிக்காதீர்கள். பிள்ளைகள் நடிப்பை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அதன் பிறகு அவளுக்கும் அது மருந்தாகிவிடும்.

கையெழுத்துக்குக் கீழே இருந்த வரி

"கடைசியாக ஆசையோடு படித்தது அப்பா மருத்துவமனையில் இருந்தபோது. அவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தகத்தை முடிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற எல்லாவற்றையும்விடச் சிறிய எழுத்தில்.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அப்பா மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன என்று வேறொரு செய்தியோடு வருகிறது. முதல் பக்கத்தில், ஆறு ஆண்டுகளாக ஒரு நாவலும் முடிக்கவில்லை என்று வருகிறது. இரண்டையும் நீங்கள் எங்கும் சேர்த்துச் சொல்லவில்லை. நானும் ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். உங்களைப் பார்த்ததில்லை, இரண்டு மணி நேரம்கூடப் பேசியதில்லை. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. புத்தகத்தைத் திறந்ததும் வரும் அமைதியில் அந்த அறையும் உங்கள் குரலும் அவர் கேட்டுக்கொண்டிருந்ததும் திரும்பி வருகின்றனவா? அப்படியானால் கைபேசிக்குக் கை போவதற்குக் கைபேசியின் கவர்ச்சி மட்டும் காரணமாக இருக்காது. அது அமைதியே வரவிடாத பொருள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு அது ஒரு புகலிடமாகவும் இருக்கிறது. இதில் குற்றவுணர்வு கொள்ள எதுவும் இல்லை. ஒருவருக்காக வாசித்த குரல், கேட்க அவர் இல்லாதபோது ஓய்ந்துபோவது அன்பின் இயல்பு.

அந்தப் புத்தகத்தை என்ன செய்வது என்பது உங்கள் முடிவு. முடிக்காமலே வைத்திருக்கலாம், அது அப்பாவோடு நின்ற இடம், அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தால் அதில் தவறில்லை. என்றாவது ஒரு நாள், விட்ட இடத்திலிருந்து, தனியாக உரக்கப் படிக்கலாம். மகள் விரும்பினால் அவளுக்கு வாசித்துக் காட்டலாம். நீங்கள் நிறையப் படிப்பீர்களா என்று அவள் கேட்டதற்கு, தாத்தாவுக்கு வாசித்துக் காட்டிய கதையைச் சொல்வதே நேரான பதில். படிக்கும்போது அழுகை வந்தால் அழுங்கள், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மறுநாள் வாருங்கள். மருத்துவமனைக் காட்சிகள் ஓயாமல் திரும்பி வந்து தூக்கத்தைக் கெடுக்கின்றன, ஆறு ஆண்டுகளாகியும் அந்த நாட்களைப் பற்றி ஒரு சொல்கூடப் பேச முடியவில்லை என்றால், துயர்ப்பகிர்வில் பயிற்சி பெற்ற ஆலோசகரை நேரில் பாருங்கள். அதற்குக் காலம் கடந்துவிடவில்லை.

எப்படியானாலும் அதை இப்போது எடுக்க வேண்டாம். இந்த வாரம் கண் மருத்துவர். கண்ணாடி வந்த பிறகு, மாலை நாற்காலியில், நீங்கள் கூச்சப்பட்ட அந்தத் துப்பறியும் கதை. 38 புத்தகங்களை வேறோர் அறைக்கு மாற்றும்போது அப்பாவின் புத்தகம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதை மட்டும் அந்தக் குவியலோடு சேர்க்காமல் தனியாக எடுத்து வையுங்கள்.